குடிசைக்கு புல்டோசர், மாடிக்கு கால நீட்டிப்பா?

சென்னையில் எந்த குடிசைப் பகுதிக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது கொடிக்கம்பம்தான். பக்கத்திலேயே ஒரு பெயர்ப் பலகை. அண்ணா, காமராஜர், எம்.ஜி.ஆர்., இந்திரா, அம்பேத்கர் என்று ஏதாவது ஒரு தலைவர் பெயரில் ஒரு நகர். தலைவர் மேல் உள்ள பாசம் மட்டும் அதற்குக் காரணமில்லை. "தலைவர் பேரு இருந்தா இடிக்க வர்றவன் ஒரு நிமிஷம் யோசிப்பான்" என்ற கணக்கும் அதில் உண்டு. பட்டா இல்லாதவனுக்கு தலைவர் பெயரே பட்டா!

இந்தக் கணக்கு தப்பு என்று சொல்ல முடியுமா? பல வருஷம் அது பலித்திருக்கிறது. தேர்தல் வந்தால் கரண்டு வரும். அடுத்த தேர்தலுக்கு தெருக்குழாய். அதற்கடுத்த தேர்தலுக்கு சிமெண்டு ரோடு. பட்டா மட்டும் "பரிசீலனையில்" இருக்கும். ஏன் என்று கேட்டால் அரசியல் தெரிந்தவர்கள் சிரிக்கிறார்கள். பட்டாவைக் கொடுத்துவிட்டால் அடுத்த தேர்தலில் என்னத்தைக் கொடுப்பது?

2025-ம் ஆண்டு பிப்ரவரி 10-ம் தேதி முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தலைமையில் கூடிய அமைச்சரவை ஒரு முடிவு எடுத்தது. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் "பெல்ட் ஏரியா" என்று 1962-ம் ஆண்டு முதல் முடக்கி வைக்கப்பட்டிருந்த இடங்களில் குடியிருக்கும் 29,187 பேருக்கு பட்டா. மதுரை, நெல்லை போன்ற மற்ற ஊர்களில் 57,084 பேருக்கு பட்டா. மொத்தம் 86 ஆயிரத்துக்கு மேல். ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அடுத்த ஆண்டு சட்டசபைத் தேர்தல் என்பது ஊருக்கே தெரியும். தேர்தலுக்காகக் கொடுத்தாலும் பட்டா பட்டாதான். வாங்குகிறவனுக்கு அது பேரன் பேத்தி வரைக்கும் சோறு போடும். நாம் கேட்பது வேறு. அறுபது வருஷத்துக்கு மேலாக இந்த ஜனங்களைத் தொங்கலில் விட்டது யார்? ஒரு கட்சி மட்டுமா?

பி மெமோ ராஜ்யம்

புறம்போக்கில் குடியேறுவது எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். யாரும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து இலவசமாக கொட்டாய் போட்டுவிட முடியாது. அங்கே ஏற்கெனவே ஒரு "ஆள்" இருப்பான். அவன் கயிறு பிடித்து அளந்து, 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி, கையில் காசு வாங்கிக்கொண்டுதான் இடம் விடுவான். சர்க்கார் நிலத்தை விற்க அவனுக்கு என்ன உரிமை? ஒன்றும் கிடையாது. ஆனால் அவனைக் கேட்க ஆளும் கிடையாது. பெரும்பாலும் அவனுக்குப் பின்னால் ஒரு கட்சிக்காரர், ஒரு ரெவின்யூ ஆபீஸ் ஆள், சில சமயம் காக்கிச் சட்டையும் உண்டு.

அடுத்தது பி மெமோ. 1905-ம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி, புறம்போக்கில் இருப்பவனுக்கு தண்டம் போட்டு தாசில்தார் ஆபீசில் இருந்து ஒரு சீட்டு வரும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். "நீ தப்பு செய்கிறாய், பணம் கட்டு" என்பது அதன் அர்த்தம். நம் ஜனங்கள் அதை என்ன செய்தார்கள் தெரியுமா? பத்திரமாக டிரங்குப் பெட்டியில் வைத்துக் கொண்டார்கள். "இன்ன வருஷத்திலிருந்து நான் இங்கே இருக்கேன்" என்று காட்ட அவர்களிடம் இருப்பது அது ஒன்றுதானே! குற்றப் பத்திரிகையே குடியிருப்புச் சான்றிதழ் ஆகிவிட்டது.

பிறகு ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, கரண்டு மீட்டர் எல்லாம் வரிசையாக வரும். மாநகராட்சி வீட்டு வரியும் வாங்கிக் கொள்ளும். வரி கட்டுவதால் சொத்துரிமை வந்துவிடாது என்று சட்டம் பேசுவார்கள். வரி வாங்கும்போது அது வீடு. இடிக்க வரும்போது அது ஆக்கிரமிப்பு. கையெழுத்துப் போட்ட அதிகாரி பென்ஷன் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். கட்டியவன் குடும்பத்தோடு தெருவில் நிற்கிறான்.

அறிவித்தது 1,219... அப்புறம்?

இந்த ஊரில் நல்லது நடக்கவே இல்லை என்று சொன்னால் அது பொய். ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காணச் சொன்னார் அண்ணா. அந்த வழியில் 1970-ம் ஆண்டு செப்டம்பரில், கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது, குடிசை மாற்று வாரியம் பிறந்தது. (2021-ல் இதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.) ஏழே வருஷத்தில் மெட்ராசில் குடிசையே இருக்காது என்றார்கள். அது நடக்கவில்லை. ஆனால் இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுக்கும் வழக்கம் அப்போதுதான் வந்தது. மீன் பிடிக்கிறவன் கடலோரத்திலேயே இருந்தான். மூட்டை தூக்குகிறவன் மார்க்கெட் பக்கத்திலேயே இருந்தான்.

1971-ல் குடிசைப் பகுதிச் சட்டம் வந்தது. ஒரு இடத்தைக் குடிசைப் பகுதி என்று சர்க்கார் அறிவித்துவிட்டால், அங்கே தண்ணீர், விளக்கு, கழிவறை எல்லாம் செய்து தரவேண்டிய பொறுப்பு வந்துவிடும். சும்மா விரட்டவும் முடியாது. அந்த ஆண்டு சென்னையில் 1,202 இடங்களை அறிவித்தார்கள். 1985-ல் இன்னும் 17. மொத்தம் 1,219. அதற்கப்புறம் கதவைச் சாத்திவிட்டார்கள். பல பத்தாண்டுகளுக்குப் புதிய அறிவிப்பே கிடையாது. ஆட்சிகள் மாறின. கதவு மட்டும் திறக்கவில்லை.

ஊர் வளராமல் நின்றுவிட்டதா? 174 சதுர கிலோ மீட்டராக இருந்த மாநகராட்சி 2011-ல் 426 ஆகப் பெருத்தது. 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி பழைய எல்லைக்குள்ளேயே குடிசைப் பகுதி ஜனங்கள் 13 லட்சத்துக்கு மேல். பத்துப் பேரில் கிட்டத்தட்ட மூன்று பேர்! காலையில் உங்கள் வீட்டுக்கு பேப்பர் போடுகிறவர், ஆபீசில் டீ கொண்டு வருகிறவர், கடையில் மூட்டை இறக்குகிறவர் எல்லாம் இந்தக் கணக்கில் வருகிறவர்கள்தான். அறிவிக்காமல் விட்டால் அவர்கள் இல்லாமல் போய்விடுவார்களா? சட்டத்துக்கு வெளியே இருப்பார்கள், அவ்வளவுதான். வெளியே இருப்பவன் எப்போதும் யாராவது ஒரு அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டே இருக்கவேண்டும். அண்ணன்களுக்கு அதுதானே வேண்டும்?

உலக வங்கிக் கடனில் 1977-ல் ஒரு திட்டம் வந்தது. குடிசை ஜனங்களுக்கு இருக்கும் இடத்தையே மனையாகப் பிரித்து, தவணையில் பணம் கட்டினால் சொந்தம் என்றார்கள். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் புது மனைகளும் போட்டார்கள். நல்ல திட்டம். மாசாமாசம் பணம் கட்டினார்கள். கட்டி முடித்தவர்களில் பலர் கிரயப் பத்திரத்துக்காக நடையாய் நடந்தார்கள். நிலம் வேறு ஒரு இலாகா பெயரில் இருக்கிறதாம். அந்த இலாகா வாரியத்துக்கு மாற்றித் தரவில்லையாம். சர்க்காரின் ஒரு கை இன்னொரு கைக்கு எழுதிக் கொடுக்க இத்தனை வருஷமா?

ரங்கநாதன் தெரு கதை

இப்போது மாடிக்காரர்கள் கதைக்கு வருவோம். மூன்று மாடிக்கு அனுமதி வாங்கி ஆறு மாடி கட்டுவது, கார் நிறுத்தும் இடத்தைக் கடையாக்குவது, தீயணைப்பு வண்டி நுழைய சந்து கூட விடாமல் மறைப்பது எல்லாம் நமக்குத் தெரிந்த சங்கதிகள். இவர்களுக்கு என்ன நடந்தது?

1998-ல் சட்டத்தில் 113-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 1999 பிப்ரவரி 28-க்கு முன்னால் கட்டியிருந்தால் பணம் கட்டி முறைப்படுத்திக் கொள்ளலாம். ஒரே ஒரு தடவைதான் என்றார்கள். 2000-ல் உச்ச நீதிமன்றமும் ஒரு தடவைச் சலுகை என்பதால் அதை ஏற்றுக் கொண்டது. ஆனால் நடந்தது என்ன? தேதியைத் தள்ளினார்கள். மறுபடி தள்ளினார்கள். கடைசியில் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளை ரத்து செய்தது. இடிக்கப் போனார்கள். உடனே 2007-ல் அவசரச் சட்டம்! பிறகு 2012-ல் 113-சி என்று இன்னொரு பிரிவு. இந்தத் தடவை 2007 ஜூலை 1-க்கு முன் கட்டியவர்களுக்கு. அதற்கான விதிகள் 2017-ல்தான் வந்தன.

தி.நகர் ரங்கநாதன் தெருவில் 2011 அக்டோபர் கடைசியில் பெரிய பெரிய கடைகளுக்கு சீல் வைத்தார்கள். அடடா, சட்டம் பாய்ந்துவிட்டது என்று ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். 2012 ஜனவரியில் பொங்கல் நேரத்தில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால அனுமதியோடு கடைகள் திறந்தன. அதே தெருவில் 2008 செப்டம்பரில் ஒரு கடையில் தீப்பிடித்து ஊழியர்கள் இரண்டு பேர் செத்தது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது?

குடிசைக்காரனுக்கு வக்கீல் வைக்க வசதி கிடையாது. கால நீட்டிப்பும் கிடையாது. அவனுக்கு வருவது நோட்டீஸ், அதன் பின்னால் போலீஸ் வேன், அதன் பின்னால் ஜே.சி.பி.

நடுத்தர ஜனங்களும் மாட்டினார்கள்

இதெல்லாம் குடிசைக்காரன் பிரச்சினை, பணக்காரன் பிரச்சினை, நமக்கென்ன என்று ரயிலில் உட்கார்ந்து இதைப் படிக்கும் குமாஸ்தா நினைக்கவேண்டாம். அய்யா, உங்கள் மனை அங்கீகாரம் பெற்றதா?

ஞாயிற்றுக்கிழமை வேன் வைத்து அழைத்துப் போவார்கள். சாப்பாடும் உண்டு. பொட்டல் காட்டில் கலர் கொடி நட்டு, "பஞ்சாயத்து அப்ரூவல் சார், கவலையே படாதீங்க" என்பார்கள். பி.எஃப். லோன் போட்டு, சம்சாரத்தின் வளையலை அடகு வைத்து, அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மனைப் பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி.யின் ஒப்புதல் வேண்டும். இது விற்றவனுக்குத் தெரியும். பத்திர ஆபீசுக்கும் தெரியும். ஆனாலும் முத்திரைத்தாள் காசை வாங்கிக்கொண்டு பதிவு செய்தார்கள். ஒரே மனையை இரண்டு மூன்று பேர் தலையில் கட்டிய பேர்வழிகளைப் பற்றி கமிஷனர் ஆபீசில் மனு கொடுக்க நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பாதிப் பேர் ரிட்டையர் ஆனவர்கள்.

2016 செப்டம்பர் 9-ம் தேதி உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று உத்தரவு போட்டது. விளைநிலம் எல்லாம் மனையாகிறதே என்ற கவலையில் போட்ட உத்தரவு. நியாயமான கவலைதான். ஆனால் மகள் கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வைத்திருந்தவன் கதி? 2017 மே மாதம் முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முந்தைய மனைகளுக்குக் கட்டணம் கட்டச் சொன்னார்கள். கட்டியது யார்? வாங்கி ஏமாந்தவன்! நிலத்தைக் கூறு போட்டு லாபம் பார்த்தவன் அடுத்த ஊரில் அடுத்த கொடியை நட்டுக் கொண்டிருந்தான். ரோட்டுக்கும் பார்க்குக்கும் இடம் விடாமல் விற்றவனிடம் அல்லவா அந்தக் காசைக் கறந்திருக்க வேண்டும்?

தண்ணீருக்கு வழி

எல்லோருக்கும் பட்டா கொடுத்துவிட்டால் போச்சு என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் 2015 டிசம்பரில் அடையாறு எங்கெல்லாம் புகுந்தது என்பதை மறந்தவர்கள். ஆற்றுக்குள்ளே, வாய்க்காலுக்குள்ளே இருக்கும் வீட்டுக்குப் பட்டா கொடுப்பது அந்தக் குடும்பத்துக்கே செய்யும் துரோகம். வெள்ளம் முதலில் அவர்களைத்தான் அடித்துக்கொண்டு போகும். நீர்நிலைகளைப் பாதுகாக்க 2007-ல் தனிச் சட்டமே இருக்கிறது. கிராமப் பொது நிலத்தை ஆக்கிரமித்தவர்களுக்கே முறைப்படுத்தித் தரும் வழக்கத்தை 2011-ல் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது.

ஆனால் ஏரியை முதலில் தூர்த்தது யார் என்ற கேள்வியும் இருக்கிறது. மாம்பலம் ஏரியில்தான் 1920-களில் தி.நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறந்தார்கள். முகப்பேர், அம்பத்தூர் ஏரிகளில் வீட்டு வசதி வாரியமே "ஏரித் திட்டம்" போட்டு வீடு விற்றது. பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண் நட்டுப் பறக்கும் ரயில் ஓடுகிறது. அதே கால்வாய்க் கரையில் ஓலைக் குடிசை போட்டவன் மட்டும் ஆக்கிரமிப்பாளனா?

விரட்டி எங்கே கொண்டு போனார்கள் என்று பாருங்கள். 2000-ல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் ஆரம்பித்தது. 15,656 வீடுகள். பிறகு செம்மஞ்சேரியில் 6,764. பிறகு பெரும்பாக்கத்தில் அடுக்கடுக்காக எட்டு மாடி. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கூவம், அடையாறு கரைகளில் இருந்து ஜனங்களை ஏற்றிக்கொண்டு போய் பெரும்பாக்கத்தில் இறக்கினார்கள். வெள்ளத்துக்குப் பயந்து கொண்டு போன இடம் எது? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம்! மழை பெய்தால் செம்மஞ்சேரியில் முழங்கால் தண்ணீர். இது என்ன நியாயம்?

சிந்தாதிரிப்பேட்டையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக் குடும்பத்தை ஓட்டிய பெண், 20 கிலோ மீட்டர் தாண்டிப் போட்டால் எப்படி வேலைக்கு வருவாள்? முதல் பஸ்சைப் பிடித்து வந்தாலும் எஜமானி அம்மா வேறு ஆளைப் போட்டிருப்பார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டார்கள். வாலிபப் பசங்கள் வேலைக்குப் போனால் "எந்த ஏரியா?" என்று கேட்டு, கண்ணகி நகர் என்றதும் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த விலாசத்தைக் கேட்டாலே சில ஸ்டேஷன்களில் சந்தேகக் கேஸ்தான். கிரைம் செய்தி எழுதுகிற நாங்களும் ஊர் பெயரைத் தலைப்பில் போட்டு அந்தப் புண்ணியத்தில் பங்கு கொண்டிருக்கிறோம், அது வேறு விஷயம்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் என்ன நடந்தது? கோர்ட் உத்தரவுப்படி இடிக்க வந்தார்கள். ஒரு பெரியவர் உடம்பில் தீ வைத்துக் கொண்டார். பிழைக்கவில்லை. அதற்கப்புறம்தான் சட்டசபையில் மயிலாப்பூர், மந்தைவெளி பக்கத்திலேயே வீடு தருவோம் என்று முதலமைச்சர் அறிவித்தார். இனி முன்கூட்டியே ஜனங்களிடம் கருத்துக் கேட்போம் என்றார். பக்கத்தில் இடம் இருந்திருக்கிறது! ஒரு உயிர் போனால்தான் அது கண்ணுக்குத் தெரியுமா?

டெல்லியும் லேசுப்பட்டதல்ல

இந்த வியாதி நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. தலைநகரம் டெல்லியில் 1977-ல் 567 அனுமதியற்ற காலனிகளை முறைப்படுத்தினார்கள். இனி ஒன்றும் முளைக்காது என்று நினைத்தார்கள். 2008-ல் தேர்தலுக்குச் சில வாரம் முன்னால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காலனிகளுக்குத் தற்காலிகச் சான்றிதழ் கொடுத்தார்கள். 2019 டிசம்பரில் பார்லிமெண்டில் சட்டமே கொண்டு வந்து 1,731 காலனிக்காரர்களுக்குச் சொத்துரிமை என்றார்கள். 2020 பிப்ரவரியில் தேர்தல்! அங்கே ஒரு நல்ல காரியமும் செய்தார்கள். பங்களாக்காரர்கள் இருக்கும் 69 காலனிகளை அந்தப் பட்டியலில் இருந்து தனியாகப் பிரித்து ஒதுக்கினார்கள். அந்த அளவுக்காவது பணக்காரன் மீறலும் பஞ்சம் பிழைக்க வந்தவன் மீறலும் ஒன்றல்ல என்று ஒத்துக்கொண்டார்கள்.

கோர்ட்டுகளும் ஒரே குரலில் பேசவில்லை. 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்பும் உயிர் வாழும் உரிமையில் சேர்ந்ததுதான் என்றது உச்ச நீதிமன்றம். 2000-ல் அதே நீதிமன்றம் டெல்லி குப்பை வழக்கில், ஆக்கிரமித்தவனுக்கு இலவச மனை கொடுப்பது ஜேப்படித் திருடனுக்குப் பரிசு கொடுப்பது போல என்றது. 2024 நவம்பரில் புல்டோசர் வழக்கில், இடிப்பதற்கு 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்று சொன்னது. ஆனால் ரோடு, நடைபாதை, ரயில் பாதை ஓரம், நீர்நிலை ஆக்கிரமிப்புக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்றும் சேர்த்துவிட்டது. நம் ஊர் குடிசைகள் பெரும்பாலும் எங்கே இருக்கின்றன? அங்கேதான்.

ஒழுங்காக அனுமதி வாங்கிக் கட்டியவன் "நான் என்ன முட்டாளா?" என்று கேட்பது நம் காதில் விழுகிறது. கேட்கவேண்டியதுதான். ஆனால் அந்தக் கோபம் போய்ச் சேரவேண்டிய விலாசம் குடிசை அல்ல. சம்பளத்தில் இந்த ஊரில் ஒரு அறை வாங்க முடியாதவன் புறம்போக்கில் ஒதுங்கினான். வாங்க வழி இருந்தும் மீறியவன் மாடி போட்டான். இரண்டு பேரையும் ஒரே தராசில் போட்டால் தராசு பொய் சொல்லும்.

ஆட்சேபணை இல்லாத புறம்போக்கில் வருஷக் கணக்காக இருப்பவனுக்கு இருந்த இடத்திலேயே பட்டா கொடுங்கள். சர்வே எண்ணோடு பட்டியலை வார்டு ஆபீசில் ஒட்டுங்கள். பட்டியல் பீரோவுக்குள் இருக்கும் வரைக்கும் புரோக்கர் காட்டில் மழைதான். "உங்க பேரு லிஸ்ட்ல இருக்கு, பத்தாயிரம் கொடுங்க" என்று கேட்கக் கிளம்பிவிடுவான். தண்ணீர் வழியில் இருப்பவர்களை எடுக்கத்தான் வேண்டும் என்றால், அதே தொகுதிக்குள் வீட்டைக் கட்டி சாவியைக் கையில் கொடுத்த பிறகு எடுங்கள். 1985-ல் சாத்திய குடிசைப் பகுதி அறிவிப்புக் கதவைத் திறந்து, புதிதாகக் கணக்கெடுங்கள். மாடிக்காரர்களுக்கு இன்னொரு 113 வேண்டாம். மனை போட்டு ஏமாற்றியவனிடமிருந்து அபராதத்தை வசூல் செய்யுங்கள். அன்றைக்கு அங்கே பொறுப்பில் இருந்த அதிகாரி யார் என்பதையும் நோட்டீசில் போடுங்கள். இடிபடும் வீட்டுக்காரன் பெயர் மட்டும் ஏன் பேப்பரில் வரவேண்டும்?

பள்ளிக்கூடப் பரீட்சை நேரத்திலும் மழைக்காலத்திலும் வீட்டை இடிக்கும் வழக்கத்தை முதலில் நிறுத்தவேண்டும். பெரும்பாக்கத்துக்கு ஏற்றிப் போனபோது அரையாண்டுப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பிள்ளைகள் இருந்தார்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிடும். கரையோரக் கணக்கெடுப்பை அதற்கு முன்னால் முடித்து, யாருக்கு எந்த இடத்தில் வீடு என்பதை அந்தந்தத் தெருவிலேயே கூட்டம் போட்டு, மைக்கில் வாசித்துச் சொல்லவேண்டும்.